ரேஸ் டீம் எந்தக் கம்பெனியில இருக்கு? ஹூண்டாய் இந்தியா ஷேர் வாங்கும் முன் ஒரு கேள்வி



வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானலுக்கு காட் ரோடுல ஏறியிருப்பீங்க. அந்த ரோட்டை சில மணி நேரம் மூடி, ஒவ்வொரு காரா அனுப்பி, பெருமாள்மலை வரைக்கும் யார் குறைஞ்ச நேரத்துல போறாங்கன்னு ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்த்தா எப்படி இருக்கும்? ராலி பந்தயம் கிட்டத்தட்ட அதுதான். வட்டமா சுத்துற ட்ராக் கிடையாது. மலை ரோடு, மண் ரோடு, பனி மூடின ரோடு, எல்லாத்துலயும் ஓட்டணும்.

இதோட உச்சம் உலக ராலி சாம்பியன்ஷிப். 2024 நவம்பர்ல அதுல ஓட்டுநர் பட்டம் ஜெயிச்சவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த தியரி நூவில். ஓட்டின கார் ஹூண்டாய் ஐ20 என் ராலி1. அதுக்குச் சுமார் ஒரு மாசம் முன்னாடி, அக்டோபர் 22-ம் தேதி, ஹூண்டாய் மோட்டார் இந்தியா நம்ம பங்குச் சந்தையில லிஸ்ட் ஆச்சு. நம்ம ஊரு ஐ20 தயாராகுறது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில. சென்னையோட ரேஸ் ட்ராக் இருக்கிறதும் அதே இருங்காட்டுக்கோட்டையிலதான்.

இத்தனையும் ஒண்ணா சேர்ந்தா மனசு ஒரு கதை கட்டிடும். "உலக சாம்பியன் கார் கம்பெனி, நம்ம ஊர்ல ஃபேக்டரி, போனஸ் பணம் கையில இருக்கு, வாங்கிப் போட்டா என்ன?" வாங்கக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. ஆனா அந்தக் கதையில ஒரு பெரிய ஓட்டை இருக்கு.

அந்த ராலி டீமோட பேரு ஹூண்டாய் மோட்டார்ஸ்போர்ட். இருக்கிறது ஜெர்மனியில, ஆல்ஸெனாவ் என்ற ஊர்ல. அது கொரியாவுல இருக்கிற தாய் கம்பெனியோட டீம். நீங்க வாங்கப் போற ஷேர் இந்திய கம்பெனியோடது. இந்திய கம்பெனி அந்த டீமுக்கு முதலாளி கிடையாது. நூவில் ஓட்டின கார்கூட உள்ளுக்குள்ள தனியா கட்டின பந்தய வண்டி. நம்ம ஷோரூம்ல நிக்கிற ஐ20-யோட வெளித்தோற்றமும் பேரும் மட்டும்தான் அதுல இருக்கு.

"சரி, டீம் செலவும் நம்ம தலையில இல்லையே, நல்லதுதானே?" அப்படின்னு நினைப்பீங்க. பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ராயல்டி கணக்கைப் பார்க்கணும்.

ஹூண்டாய் இந்தியா, பிராண்ட் பேருக்கும் தொழில்நுட்பத்துக்குமா தாய் கம்பெனிக்கு வருஷா வருஷம் ராயல்டி கட்டுது. ஐ.பி.ஓ. வந்த 2024-லதான் அந்த விகிதம் விற்பனையில 3.5% என்று நிர்ணயிக்கப்பட்டது. இதை ரேஸிங் கட்டணம்னு சொன்னா தப்பு. இன்ஜின், டிசைன், பிளாட்ஃபாரம் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். ஆனா "ஹூண்டாய்" என்ற பேருக்கும், காருல ஒட்டுற "என் லைன்" பேட்ஜுக்கும் ஒரு மவுசு இருக்கே, அதை உண்டாக்குறதுல அந்த ராலி டீமுக்கும் பங்கு இருக்கு. அந்த மவுசுக்கு இந்திய கம்பெனி ராயல்டி வழியா விலை கொடுத்துட்டுதான் இருக்கு.

2024-25-ல கம்பெனியோட வருமானம் சுமார் 69,000 கோடி. லாபம் சுமார் 5,600 கோடி. 3.5%-ஐ மொத்தத்துக்கும் போட்டா தோராயமா 2,400 கோடி வரும். ஒப்பந்தத்துல சில கழிவுகள் இருக்கும்ங்கிறதால இதைத் துல்லியமான எண்ணா எடுத்துக்காதீங்க, அளவு புரிஞ்சா போதும்.

லிஸ்ட் ஆகிறதுக்கு முன்னாடி இந்திய கம்பெனி முழுக்க கொரிய கம்பெனியோடது. ராயல்டியா எடுத்தாலும் டிவிடெண்டா எடுத்தாலும், வரி வித்தியாசத்தை விட்டுட்டா, ஒரே வீட்டுல சட்டைப் பையில இருந்து பேன்ட் பைக்கு மாத்துற மாதிரி. லிஸ்ட் ஆன பிறகு தாய் கம்பெனிகிட்ட 82.5%, பொதுமக்கள்கிட்ட 17.5%. இப்போ 100 ரூபாயை டிவிடெண்டா கொடுத்தா, 17 ரூபாய் 50 காசு நம்மள மாதிரி ஆட்களுக்கு வரும். அதே 100 ரூபாயை ராயல்டியா கட்டினா நமக்கு ஒண்ணும் வராது. தாய் கம்பெனி ஏமாத்துதுன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அவங்க நலனும் நம்ம நலனும் ஒரே கோட்டுல இல்லாத இடம் இதுன்னு சொல்றேன்.

இந்த இடத்துல சட்டம் ஒரு வேலி போட்டிருக்கு. செபியோட லிஸ்டிங் விதிகள் (எல்.ஓ.டி.ஆர்., விதி 23) படி, சம்பந்தப்பட்ட கம்பெனிக்குக் கட்டுற ராயல்டி ஆண்டு விற்பனையில 5%-ஐ தாண்டினா, பங்குதாரர்கள் ஓட்டு வேணும். அந்த ஓட்டுல தாய் கம்பெனி ஆதரவா கை தூக்க முடியாது. முடிவு 17.5% வச்சிருக்கிறவங்க கையில. நல்ல விதி. ஆனா 3.5-க்கும் 5-க்கும் நடுவுல 1.5% இடைவெளி இருக்கு. அந்த இடைவெளிக்குள்ள உயர்த்தணும்னா ஆடிட் கமிட்டியில இருக்கிற இன்டிபென்டன்ட் டைரக்டர்கள் ஒத்துக்கணும். உங்க ஓட்டு தேவையில்லை.

1.5% சின்ன எண்ணு மாதிரி தெரியுதா? 69,000 கோடியில அது சுமார் 1,035 கோடி. 25% வரியைக் கழிச்சா, லாபத்துல கிட்டத்தட்ட 775 கோடி அடி. அதாவது 5,600 கோடி லாபத்துல ஏறக்குறைய 14%. அப்படி உயர்த்துவாங்கன்னு நான் ஜோசியம் சொல்லலை. ஆனா இந்த ஷேரை வாங்குற ஒருத்தர் ராலி வீடியோ பார்க்குற நேரத்துல பாதியையாவது இந்த ஒரு வரிக்குக் கொடுக்கணும்.

இன்னொரு சங்கதி. 1,960 ரூபாய்க்கு வந்த அந்த ஐ.பி.ஓ.வுல திரட்டின 27,870 கோடியும் ஆஃபர் ஃபார் சேல். மொத்தமும் தாய் கம்பெனிக்குப் போச்சு. இந்திய கம்பெனி கல்லாவுக்கு ஒரு ரூபாய்கூட வரலை. முதல் நாளே 1,934-ல ஆரம்பிச்சு, இஷ்யூ விலைக்குக் கீழேதான் முடிஞ்சுது.

ரேஸ் டீம் கம்பெனிக்கு உள்ளேயே இருந்தா எப்படி? நம்ம ஓசூர் டி.வி.எஸ். மோட்டாரைப் பாருங்க. டி.வி.எஸ். ரேசிங் 1982-ல ஆரம்பிச்சது. 1994-ல இருந்து ஒரே மாடல் பைக்குகளை வச்சு பந்தயம் நடத்துறாங்க. கொடைக்கானல் ரோட்டுல உங்களை ஓவர்டேக் பண்ணிட்டுப் போற அப்பாச்சியில ஆர்.டி.ஆர்.னு எழுதியிருக்கே, அதுக்கு விரிவே "ரேசிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ்". இங்கே டீமும் பொருளும் ஷேரும் ஒரே கூரைக்கு அடியில. டீம் செலவுல உங்களுக்கும் பங்கு, அப்பாச்சி வித்த லாபத்துலயும் உங்களுக்குப் பங்கு. எனக்கு இந்த அமைப்பு பிடிக்கும். ஆனா தனி கம்பெனி இல்லாததால, ரேசிங்குக்கு எவ்வளவு போகுதுன்னு ஆண்டறிக்கையில தனியா பார்க்க வழி இல்லை. ஒரு சி.ஏ.வா அது எனக்கு உறுத்தல்தான்.

மஹிந்திராவுல நிலைமை வேற. ஃபார்முலா ஈ-ல ஓடுற டீம், மஹிந்திரா ரேசிங் யு.கே. என்ற துணை நிறுவனம். துணை நிறுவனமா இருந்தா கம்பெனிகள் சட்டப்படி ஏ.ஓ.சி.-1 என்ற படிவத்துல அதோட வரவு செலவு தனியா வரணும். யார் வேணும்னாலும் பார்க்கலாம். 2020-ல மஹிந்திரா, ஸாங்யாங் உட்பட பணத்தைத் தின்னுட்டு இருந்த முதலீடுகளைக் கைவிட ஆரம்பிச்சப்பகூட இந்த டீமை மூடலை. எலெக்ட்ரிக் கார் விக்கப் போற கம்பெனிக்கு எலெக்ட்ரிக் ரேஸ்னு ஒரு நியாயம் இருந்தது, பங்குதாரர்கள் பார்க்குற மாதிரி கணக்கும் இருந்தது.

நியாயம் சொல்ல முடியாதப்போ என்ன ஆகும்னும் பார்த்திருக்கோம். 2008 டிசம்பர்ல, உலகமே கார் வாங்குறதை நிறுத்தின நேரத்துல, ஹோண்டா ஃபார்முலா 1-ஐ விட்டு வெளியேறிச்சு. வேலையாட்களைக் குறைக்கிற கம்பெனி ரேஸுக்குக் கோடி கோடியா செலவு பண்றதைப் பங்குதாரர்கள்கிட்ட எப்படி விளக்குறது? கொடுமை என்னன்னா, அவங்க விட்ட அதே டீம் பிரான் ஜிபி என்ற பேர்ல 2009-லயே ரெண்டு பட்டத்தையும் அடிச்சுது. ஃபெராரியில இந்தப் பிரச்சினையே வராது. 2015-ல நியூயார்க்ல லிஸ்ட் ஆனப்போ அவங்க எடுத்த பங்குக் குறியீடே "ரேஸ்". அங்கே ரேஸை நிறுத்தினா கார் எதுக்குன்னு கேட்பாங்க.

நான் செபியில பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. வாங்குங்க, வில்லுங்கன்னு சொல்ல மாட்டேன். கல்வி நோக்கத்துல பேசுறவங்க கடைசி மூணு மாச விலையைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2025 ஜனவரியில செபி சொல்லியிருக்கிறதால, இன்றைய விலையும் இங்கே இல்லை.

ஹூண்டாய் இந்தியா ஷேர் ஏற்கனவே உங்க டீமேட்ல இருந்தா, இந்த வார இறுதியில கம்பெனி வெப்சைட்ல ஆண்டறிக்கையை டவுன்லோட் பண்ணுங்க. "ரிலேட்டட் பார்ட்டி" என்று தேடினா ஒரு நோட் வரும். அதுல ராயல்டி வரியை எடுத்து, அந்த வருஷத்து விற்பனையால வகுத்து, போன வருஷத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. பத்து நிமிஷ வேலை. 3.5-ஐ விட்டு நகர்ந்திருந்தா கமெண்ட்ல போடுங்க, அதுக்குத் தனியா ஒரு வீடியோவே பண்ணிடலாம்.