அமாவாசையின் மீது பழி போடாதீர்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பழவங்காடி கணபதி கோயிலின் முன் தேங்காய் உடைபடும் ஓசை ஓய்வதில்லை. தேர்வெழுதப் போகும் மாணவர், வழக்குக்குப் போகிறவர், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர் எனப் பலரும் அங்கே நின்று செல்கின்றனர். அருகிலுள்ள பேருந்து நிலையத்தில் இறங்கி, நகரின் மருத்துவமனைகளுக்கு இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியரும் அவர்களுள் உண்டு. அவர்களது வழிபாட்டுரிமையோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் மருத்துவமனை வாயிலைக் கடந்து, நோயாளியின் படுக்கையருகே வந்து நிற்கும் நம்பிக்கைகளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

அமாவாசை இரவில் மரணம் கூடும்; ஒரு மரணம் நேர்ந்தால் மூன்று நேரும்; "இன்று வார்டு அமைதியாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னால் விடிவதற்குள் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டும்; அடுத்தடுத்து இருவர் இறந்த படுக்கை ராசியில்லாதது; இந்தச் செவிலியருக்குக் கைராசி உண்டு, அவருக்கு இல்லை. இவை ஒரு மருத்துவமனைக்கோ ஒரு மாநிலத்துக்கோ உரிய தனிச்சரக்கு அல்ல. இவற்றுள் சில இலண்டனிலும் நியூயார்க்கிலும் வழங்குகின்றன.

படித்தும் இப்படியா என்று செவிலியரை நோக்கி நகைப்பது எளிது. நகைக்க முனைவோர் முதலில் மேலிடங்களைப் பார்க்கட்டும். 2011-ஆம் ஆண்டு, இதே கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் உச்ச நீதிமன்ற ஆணைப்படி திறக்கப்பட்டபோது, 'பி' நிலவறையைத் திறந்தால் நாட்டுக்கே கேடு என்ற பேச்சு பரவியது. வழக்குத் தொடுத்த முதிய வழக்கறிஞர் அடுத்த மாதமே காலமானதும், அதைச் சாபமென்று கூறப் படித்தவர்களும் தயங்கவில்லை. கொச்சியில் உயர் நீதிமன்றத்தின் புதுக் கட்டடத்தில் 13-ஆம் எண் நீதிமன்ற அறை இல்லாமற் போனது. அதைக் கேள்வி கேட்டவருக்கு 10,000 ரூபாய் செலவுத்தொகை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் தலையிட்டே அதை நீக்க வேண்டியிருந்தது. அமைச்சர்கள் ஒதுக்கிவந்த 13-ஆம் எண் காரை 2016-இல் தோழர் தாமஸ் ஐசக் கேட்டுப் பெற்றது செய்தியானது என்றால், அந்த எண்ணைக் கண்டு எத்தனை பேர் அஞ்சியிருந்தனர் என்பதே அதன் பொருள்.

ஆகவே இது அறியாமையின் கதை மட்டுமன்று. மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர், முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் பெருங்கடலின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் ஒன்றைக் கவனித்தார். அமைதியான கழியில் மீன்பிடிக்கையில் அம்மக்கள் மந்திரத்தை நாடவில்லை. ஆபத்து மிகுந்த திறந்த கடலுக்குச் செல்லும்போதுதான் நாடினர். தன் உழைப்பின் விளைவு தன் கையில் இல்லாத இடத்தில் மனிதன் சகுனம் பார்க்கிறான். பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமம் வகுத்த நெறி. நாட்டின் பெரும்பாலான வார்டுகளில் அது தாளில் மட்டுமே இருக்கிறது. ஒற்றை ஆளாய் ஒரு வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்பவருக்கு, இரவு எப்படி விடியும் என்பதைத் தீர்மானிக்க எந்த அதிகாரமும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் அமாவாசை வந்து அமர்கிறது.

காரணம் புரிகிறது என்பதால் நம்பிக்கை உண்மையாகிவிடாது. இங்கிலாந்தில் ஒரு நுண்ணுயிரியல் துறையினர் "இன்று அமைதியான நாள்" என்ற சொல்லையே ஆய்வுக்கு உட்படுத்தினர். 61 நாட்களில், குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த நாட்களில் அதைச் சொல்லியும், மற்ற நாட்களில் சொல்லாமலும் பார்த்தனர். வேலைப்பளுவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. முடிவு 2019-இல் வெளியாயிற்று. நம்பிக்கை ஏன் நீடிக்கிறது? சொன்னபடி நடந்த ஓர் இரவு நினைவில் தங்குகிறது. நடக்காத நூறு இரவுகள் மறந்துபோகின்றன.

இதனால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். 1847-இல் வியன்னா மருத்துவமனையின் ஒரு பிரசவப் பிரிவில் தாய்மார் கொத்துக் கொத்தாக மடிந்தனர். இறுதிச் சடங்குக்கு வரும் பாதிரியாரின் மணியோசையே அச்சுறுத்திக் கொல்கிறது என்பதும் அன்று சொல்லப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் அதை நம்பவுமில்லை, எள்ளவுமில்லை, சோதித்தார். பாதிரியாரை வேறு வழியில், மணியின்றி வரச் செய்தார். மரணம் குறையவில்லை. பிணக்கூறாய்வு செய்த கைகளோடு மருத்துவர்கள் பிரசவம் பார்ப்பதே காரணம் என்று கண்டு, குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு ஜூனில் ஏறத்தாழ 2 விழுக்காடாக வீழ்ந்தது. மணியோசை மீது பழி போட்டிருந்தால் அந்தத் தாய்மார் தொடர்ந்து மடிந்திருப்பர்.

'ராசியில்லாத' படுக்கைக்கும் இதுவே பொருந்தும். அது செவிலியர் மேசையிலிருந்து கண்ணுக்கெட்டாத மூலையில் இருக்கிறதா? அதன் ஆக்சிஜன் குழாயில் அழுத்தம் குறைவா? அருகிலுள்ள கைகழுவும் தொட்டியிலிருந்து தொற்று பரவுகிறதா? ராசி என்ற ஒரு சொல் இத்தனை கேள்விகளையும் மூடிவிடுகிறது. ஆள் போடாத நிர்வாகத்துக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு ஏது? இன்னொரு பக்கம், கைராசி இல்லாதவர் என்ற முத்திரை நிர்வாகத்தின் மீது விழுவதில்லை; சக தொழிலாளியின் நெற்றியில் விழுகிறது.

மூடநம்பிக்கையால் ஆதாயம் பெறுவோரும் உள்ளனர். நல்ல நேரம் குறித்துக் குழந்தையை வெளியே எடுக்கும் அறுவைச் சிகிச்சையை அறியாதவர் யார்? ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி அறுவைப் பிரசவம் இந்தியாவில் 21.5 விழுக்காடு, கேரளத்தில் 38.9, தமிழ்நாட்டில் 44.9. முழுப் பழியையும் பஞ்சாங்கத்தின் மீது சுமத்த முடியாது. ஆனால் ஜோதிடரின் குறிப்பும் தனியார் மருத்துவமனையின் கட்டணச்சீட்டும் ஒரே மேசையில் கைகுலுக்குகின்றன.

ஒன்றிய அரசோ இதற்கு நெய் வார்க்கிறது. 2020 மார்ச் 22 அன்று தட்டைத் தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றச் சொன்னார்கள். மே 3 அன்று மருத்துவமனைகள் மீது மலர் தூவினார்கள். அப்போது செவிலியர் கேட்டது மலரை அன்று. பாதுகாப்பு உடையையும் நிலுவைச் சம்பளத்தையும். அடுத்த ஆண்டு ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில், காயத்ரி மந்திரம் கொரோனா நோயாளிக்கு உதவுமா என்ற ஆய்வுக்கு ஒன்றிய அறிவியல் துறையே நிதி தந்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 51ஏ பிரிவு. அக்கடமை அரசுக்கு மட்டும் இல்லையா?

மூடநம்பிக்கை செவிலியரையே குத்தும் என்பதையும் கேரளம் கண்டது. 2018 மே மாதம் நிபா நோயாளியைப் பராமரித்த பேராம்பிரா தாலுக்கா மருத்துவமனைச் செவிலியர் லினி உயிரிழந்தார். அவருடைய சக ஊழியர்கள் பேருந்திலும் ஆட்டோவிலும் ஒதுக்கப்பட்டனர். தொற்றை நிறுத்தியது ஒதுக்கலும் அன்று, நேர்ச்சையும் அன்று. தொடர்பிலிருந்தோரை ஒவ்வொருவராகத் தேடிக் கண்காணித்த பொதுச் சுகாதார ஊழியர்களின் உழைப்பு.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. செவிலியர் குழுமத்தின் நெறியை அரசு, தனியார் இரு துறைகளிலும் சட்டக் கட்டாயமாக்க வேண்டும். ஒவ்வொரு மரணத்தையும், ஆளைக் குற்றஞ்சாட்டாமல் காரணத்தைத் தேடும் முறையில் ஆராய வேண்டும்; அந்த ஆய்வில் செவிலியருக்கும் இருக்கை வேண்டும். இது கனவன்று. தாய்மார் மரணங்களைப் பெயர் வெளியிடாமல் ஆராயும் முறை கேரளத்தில் 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2018-20 கணக்கின்படி உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 19 தாய்மார் மரணம் என, நாட்டிலேயே மிகக் குறைந்த அளவு அங்கேதான்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. 1930-களிலேயே தோழர் சிங்காரவேலர் உழைக்கும் மக்களுக்காக எளிய தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். ஊதியக் கோரிக்கையும் அறிவியல் வகுப்பும் அவருக்கு இரு வேறு வேலைகளாக இருக்கவில்லை. நமக்கும் இருக்கலாகாது. கேரளத் தனியார் மருத்துவமனைச் செவிலியரின் குறைந்தபட்ச ஊதியம் 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது நல்ல நேரத்தால் அன்று. முந்தைய ஆண்டு வீதிக்கு வந்து நடத்திய போராட்டத்தால். தன் நிலையைத் தானே மாற்ற முடியும் என்று ஒருமுறை கண்டுகொண்ட தொழிலாளியிடம் சகுனத்தின் பிடி தளரும். இரவுப் பணிக்குக் கூடுதலாக ஒரு செவிலியரைக் கேட்டுப் போராடுவோம். அமாவாசை தானே விலகிக்கொள்ளும்.