கேம் வாங்குறீங்களா, கூட்டத்துக்கு டிக்கெட் வாங்குறீங்களா?



பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற இடத்துல கேம் பத்தி என்ன பேச்சுன்னு சிலருக்குத் தோணும். வேலைக்குச் சேர்ந்த முதல் மூணு வருஷத்துல உங்க காசு எங்கெல்லாம் போச்சுன்னு ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பாருங்க. வாடகை, பைக் ஈஎம்ஐ, வீட்டுக்கு அனுப்புறது, வாரக் கடைசி சாப்பாடு. அந்த லிஸ்ட்ல கேமும் இருக்கும், நிறைய பேருக்கு நினைச்சதை விடப் பெருசாவே இருக்கும். கன்சோல்ல ஒரு பெரிய கேம் 4,999 ரூபாய்னா இப்ப யாருக்கும் ஆச்சரியமில்லை. கைக்கு 30,000 வர்றவருக்கு அது சம்பளத்துல ஆறில் ஒரு பங்கு. மாசம் 22 வேலை நாள்னு கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 4 நாள் உழைப்பு.

"அந்த 5,000-ஐ எஸ்ஐபில போட்டிருந்தா 20 வருஷத்துல எவ்வளவு ஆகியிருக்கும் தெரியுமா"ன்னு நான் ஆரம்பிக்கப் போறதில்லை. அந்தக் கணக்கை எதுக்கு வேணாலும் போடலாம், பிரியாணிக்கும் போடலாம். சந்தோஷத்துக்குச் செலவு பண்ணத்தானே சம்பாதிக்கிறோம். ஆனா 4 நாள் உழைப்பைக் கொடுத்து, ரெண்டு வருஷம் ட்ரெய்லர் பார்த்துக் காத்திருந்து, கடைசியில வந்தது வேற ஏதோன்னா வர்ற வயித்தெரிச்சல் இருக்கே, அதைப் பத்திப் பேசணும். குறிப்பா ஆன்லைன் மல்டிபிளேயர் கேம்கள். அதுல ஏமாற்றம் வேற மாதிரி, அதனால காசு விஷயத்துல எடுக்க வேண்டிய முடிவும் வேற மாதிரி.

'தி டே பிஃபோர்' ஞாபகம் இருக்கா? 2021 ஜனவரியில் அறிவிச்சாங்க. ஜாம்பிகள் நிறைஞ்ச பெரிய திறந்த உலகம், ஆயிரக்கணக்கான பிளேயர்கள், பனி, மழை, கைவிடப்பட்ட வீடுகள். ட்ரெய்லர் பார்த்தவங்க வாயைப் பிளந்தாங்க. ஸ்டீம் விஷ்லிஸ்ட்டில் முதலிடம் வரைக்கும் போச்சு. 2022 ஜூன்னு சொன்னாங்க, அப்புறம் 2023 மார்ச், அப்புறம் நவம்பர். கடைசியா 2023 டிசம்பர் 7 அன்று, 39.99 டாலர் விலையில் வந்தது. திறந்து பார்த்தா, சொன்ன பெரிய ஆன்லைன் உலகமே இல்லை. உள்ளே போய் பொருள் பொறுக்கிட்டு உயிரோட வெளியே வர்ற ஒரு சின்ன ஷூட்டர். டிசம்பர் 11 அன்று, அதாவது நாலே நாளில், அந்த கேமைச் செய்த ஃபன்டாஸ்டிக் நிறுவனம் கடையை மூடுவதாக அறிவித்தது. 2024 ஜனவரி 22 அன்று சர்வர்களும் அணைந்தன.

வாங்கினவங்களுக்கு ரீஃபண்ட் கிடைத்தது, அதுவரைக்கும் நல்லது. ஆனா அது கேஸ் ரொம்ப முத்திப் போனதால் கிடைச்ச ரீஃபண்ட். பெரும்பாலான கேம்கள் இப்படி நாலு நாளில் செத்துப் போறதில்லை. சுமாரா வந்து, மெதுவா காலியாகும். அதுக்கு யாரும் காசைத் திருப்பித் தர மாட்டாங்க.

நம்ம ஊர்ப் பக்கமும் ஒரு உதாரணம் இருக்கு. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள். ரெண்டே நாள் கழிச்சு நடிகர் அக்‌ஷய் குமார் ஃபௌஜி கேமை அறிவித்தார், பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் தயாரிப்பு. பப்ஜிக்குப் பதில் வந்தாச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க. 2021 ஜனவரி 26 அன்று வந்தது. வந்தப்போ அதுல தனியா ஆடுற கதைப் பகுதி மட்டும்தான். நாலு பேர் சேர்ந்து ஸ்குவாட் போட வழியில்லை. ப்ளே ஸ்டோர் ரேட்டிங் மளமளன்னு சரிஞ்சது. டீம் மோடு அந்த வருஷம் ஜூன்லதான் வந்தது. இத்தனைக்கும் அது இலவச கேம்! டவுன்லோடு பண்ண ஒரு பைசா செலவில்லாமலே அவ்வளவு கோபம் ஏன்? அவங்க எதிர்பார்த்தது துப்பாக்கியோ கிராஃபிக்ஸோ இல்லை. லாக்டவுன்ல ராத்திரி பத்து மணிக்கு கூட விளையாடின அந்த மூணு பேரைத் திரும்பக் கொண்டு வரும்னு எதிர்பார்த்தாங்க.

ஒரு கதை கேமை வாங்கினா நீங்க வாங்குறது அந்தக் கேமை. மல்டிபிளேயர் வாங்கினா, காசுக்கு நீங்க உண்மையில வாங்குறது அதுக்குள்ள இருக்கப் போற கூட்டத்தை. 2016 ஆகஸ்ட்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' வந்தப்போ, முதல் ரெண்டு நாளுக்குள்ளேயே ரெண்டு பிளேயர்கள் அத்தனை பெரிய பிரபஞ்சத்துல ஒரே கிரகத்துல, ஒரே இடத்துல போய் நின்னாங்க. ஒருத்தர் கண்ணுக்கு இன்னொருத்தர் தெரியலை. அந்த கேமைப் பத்தின கோபம் அங்கேதான் பத்திக்கிச்சு. சரியான மல்டிபிளேயர் 2018 ஜூலையில்தான் வந்தது.

இப்ப நம்ம மாதிரி ஃபைனான்ஸ் ஆளுங்க வழக்கமா சொல்ற அறிவுரைக்கு வருவோம். "அவசரப்படாதே, ஆறு மாசம் பொறு, சேல்ல பாதி விலைக்கு வரும்." கதை கேமுக்கு இது நூத்துக்கு நூறு சரி. இன்னைக்கு 4,999, அடுத்த வருஷம் 1,999, பக் எல்லாம் சரி பண்ணியிருப்பாங்க, கதை அதே கதை. பொறுத்தவருக்கு லாபம்தான்.

மல்டிபிளேயருக்கு இந்த அறிவுரை பாதி தப்பு. என்னோட வாதமே இதுதான்.

'ஆன்தம்' எடுத்துக்கோங்க. 2017-ல் மைக்ரோசாஃப்ட் மேடையில் காட்டியபோது இரும்புக் கவசம் போட்டுக்கிட்டுப் பறக்குற அந்த டெமோ எல்லாரையும் கட்டிப் போட்டது. 2019 பிப்ரவரி 22 அன்று 60 டாலருக்கு வந்தது. பறக்குறது நல்லா இருந்தது, மத்ததுல சரக்கில்லை. கொஞ்ச நாளிலேயே விலை சரிந்தது. அப்போ சல்லிசா வாங்கினவருக்குக் கிடைத்தது என்ன? ஆள் குறைந்துபோன சர்வர். முழுசா மாத்தி எடுக்கப் போறோம்னு சொன்ன திட்டத்தையும் 2021 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2026 ஜனவரி 12 அன்று சர்வரையும் மூடிவிட்டார்கள். ஆன்லைன் இல்லாமல் ஓடாத கேம் என்பதால், டிஸ்க் கையில வெச்சிருக்கிறவர்கூட இனி விளையாட முடியாது. திருவிழா முடிஞ்சு பந்தல் பிரிக்கிறப்ப ராட்டினத்துக்கு டிக்கெட் மலிவா கிடைச்சு என்ன பிரயோஜனம்?

மறுபக்கமும் பார்க்கணும். 'ஃபால்அவுட் 76' 2018 நவம்பர் 14 அன்று வந்தது, அதுவும் 60 டாலர். உலகம் முழுக்கச் சுத்தினாலும் பேசுறதுக்கு ஒரு மனிதக் கதாபாத்திரம் கிடையாது, பக் மேல பக். சில நாளில் வந்த பிளாக் ஃப்ரைடே தள்ளுபடியிலேயே 40 டாலர் அளவுக்கு இறங்கியது. 200 டாலர் கொடுத்து ஸ்பெஷல் எடிஷன் வாங்கினவங்க கதை இன்னும் மோசம். கேன்வாஸ் பைன்னு விளம்பரம் பண்ணிட்டு நைலான் பையை அனுப்பினாங்க. கேட்டப்போ முதல்ல கொடுக்க முன்வந்தது கேமுக்குள்ள செலவு பண்ற 500 ஆட்டம் காயின், மதிப்பு 5 டாலர். சத்தம் பெருசான பிறகுதான் கேன்வாஸ் பை தர்றோம்னு சொன்னாங்க. ஆனா அந்தக் கேம் சாகலை. 2020 ஏப்ரலில் இலவச அப்டேட்டில் மனிதக் கதாபாத்திரங்கள் வந்தன. 2024-ல் அமேசான் தொடர் வெளியானபோது கூட்டம் திரும்பியது. இங்கே பொறுத்தவர் ஜெயிச்சார். முதல் நாளே வாங்கினவர்தான் அதிக விலைக்கு மோசமான வெர்ஷனை வாங்கினவர்.

ஆக, எது ஆன்தம் ஆகும், எது ஃபால்அவுட் 76 ஆகும்னு முதல் நாள் யாருக்கும் தெரியாது. யூடியூபருக்கும் தெரியாது. கூட்டத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. அமேசானோட 'நியூ வேர்ல்ட்' 2021-ல் வந்தப்போ ஸ்டீமில் ஒரே நேரத்தில் 9 லட்சத்து 13 ஆயிரம் பேர். முதல் வார சாயங்காலங்களை நிறைய பேர் வெயிட்டிங் லிஸ்ட்லயே கழிச்சாங்க, தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேடு மாதிரி. சில மாதங்களில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது.

தெரியாத விஷயத்துல முன்பணம் கொடுக்கிறது நம்ம கைல இருக்கிற ஒரே முடிவு, அதனால ப்ரீ-ஆர்டரைக் கொஞ்சம் கணக்கா பார்ப்போம். ஐபிஓவுக்கு அப்ளை பண்றீங்க. அலாட்மென்ட் கிடைக்கலைன்னா பிளாக் ஆன காசு விடுபடும். கிடைச்சா நஷ்டமும் வரலாம், லாபமும் வரலாம். ப்ரீ-ஆர்டர்ல லாபம்கிற பக்கமே கிடையாது. கேம் எவ்வளவு பிரமாதமா வந்தாலும் உங்களுக்கு வர்றது அதே கேம், மத்தவங்களுக்கு வர்ற அதே கேம். மோசமா வந்தா மட்டும் இழப்பு உங்களோடது. டிஜிட்டல் காப்பி தீர்ந்து போகுமா? போகாது. அப்ப கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து நீங்க வாங்குறது என்ன? ஒரு ஸ்கின், ஒரு தொப்பி, "மூணு நாள் முன்னாடியே விளையாடலாம்". இதை கிரெடிட் கார்டுல போட்டு மினிமம் டியூ கட்டுறவங்களும் இருக்காங்க. வட்டியில்லாக் கடன் கொடுக்கறதுக்காக வட்டிக்குக் கடன் வாங்குறாங்க!

ரோட்மேப்னு ஒரு படம் போடுவாங்க பாருங்க, சீசன் 1, சீசன் 2, புது மேப், புது மோடுன்னு. அதுக்கு நான் பைசா மதிப்பு போட மாட்டேன். ஆன்தமும் காலண்டர் போட்டுக் காட்டுச்சு. இன்னைக்கு டவுன்லோடு பண்ணா என்ன இருக்கோ அதுக்கு 4,999 தகுமான்னு மட்டும் கேளுங்க. ஒரு சின்னக் கணக்கு: தியேட்டர்ல 200 ரூபாய் டிக்கெட்டுக்கு இரண்டரை மணி நேரம் படம் பார்த்தா மணிக்கு 80 ரூபாய். 4,999 ரூபாய் கேம் அந்த ரேட்டுக்கு வரணும்னா 62 மணி நேரத்துக்கு மேல விளையாடணும். நம்ம ஷிஃப்ட்டு, டிராவல் எல்லாம் போக தினம் ஒரு மணி நேரம்னா ரெண்டு மாசம். ரெண்டு மாசம் கழிச்சும் அந்தக் கூட்டம் இருக்குமா? இருக்கும்னு தோணினா தாராளமா வாங்குங்க.

சரி, பொறுத்தா கூட்டம் போயிடும், பொறுக்கலைன்னா காசு போயிடும். என்னதான் பண்றது?

யோசிச்சுப் பாருங்க, உங்களுக்கு 9 லட்சம் பேர் தேவையில்லை. நிஜமா தேவைப்படுறது மூணு பேர். அதே ஆபீஸ், அதே காலேஜ், அதே ரூம். முதல் நாளே வாங்க வைக்கிறது ட்ரெய்லர் கூட இல்லை, "மச்சி வாங்கிட்டியா, நாங்க மூணு பேரும் வாங்கிட்டோம்"ங்கிற அந்த மெசேஜ்தான். அதனால தனியாப் பொறுக்காதீங்க, சேர்ந்து பொறுங்க. நாலு பேரும் பத்து நாள் கழிச்சு முடிவு பண்ணலாம்னு பேசி வெச்சுட்டா, யாரும் எதையும் இழக்கப் போறதில்லை. அந்தப் பத்து நாளுக்கு உங்க பழைய கேம் இருக்கவே இருக்கு. பத்து நாள் கூடத் தாங்காத கூட்டம்னா? சோனியோட 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23-ல் வந்து செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது, மொத்தம் ரெண்டே வாரம். அதுக்கு முழு ரீஃபண்ட் கொடுத்தாங்க. எல்லாக் கம்பெனியும் கொடுக்கும்னு நம்பி இறங்க முடியாது.

பொறுக்கவே முடியலை, முதல் நாளே வேணும்னா, குறைஞ்சது ரீஃபண்ட் விதியைத் தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள்ள, விளையாடினது 2 மணி நேரத்துக்குள்ள இருந்தா காசு திரும்ப வரும். கேம் திறந்திருந்தாலே அந்தக் கடிகாரம் ஓடும், நீங்க சர்வர் க்யூல நின்னுக்கிட்டு இருந்தாலும் ஓடும். "மூணு நாள் முன்னாடி" எடிஷன்ல விளையாடுற நேரமும் 2024 ஏப்ரலில் இருந்து அந்தக் கணக்குல சேரும். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் இன்னும் கடுமை, டவுன்லோடு ஆரம்பிச்சுட்டாலே பொதுவா ரீஃபண்ட் கிடையாது. அதனால முதல் ஒரு மணி நேரத்தை கேரக்டருக்கு மீசை வைக்கிறதுல செலவழிக்காம, நேரா மேட்ச்சுக்குள்ள போய்ப் பாருங்க.

உங்க குரூப்ல யாராவது ஏற்கெனவே ஸ்டீமில் ப்ரீ-ஆர்டர் போட்டிருந்தா இதை அனுப்பி வைங்க. ரிலீஸ் தேதி வரைக்கும் எப்ப வேணாலும் கேன்சல் பண்ணலாம், காரணம்கூடப் பெருசாக் கேட்க மாட்டாங்க. அந்தத் தொப்பி மட்டும் போயிடும்.