தாடிக்காரருக்கும் ஒரு வசனம் கொடுங்கள்

சென்ற தவணை முடிவில் எங்கள் வகுப்பு மாணவிகள் நால்வர் சேர்ந்து ஒரு பத்து நிமிட நாடகம் எழுதினோம். தமிழ்ச் சாகசப் படங்களைக் கேலி செய்யும் நாடகம் அது. கதாநாயகன் ஒரு கையால் தேநீர் குடித்தபடியே மறு கையால் நாற்பது பேரை அடிப்பான். கடைசியில் தாடியும் தொப்பியுமாக வில்லன் வருவார். அடி வாங்குவதற்கு முன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார்: “தம்பி, கெதியா அடிச்சு முடியும். அஸருக்கு முதல் கடையைத் திறக்கோணும்.”

ஒத்திகையில் வகுப்பே சிரித்தது. ஆனால் நாடகம் மேடை ஏறவில்லை. “பொம்பிளைப் பிள்ளைகள் நக்கலடிக்கிறது அழகில்லை” என்றார் ஒரு பெற்றோர். “தாடியையும் தொப்பியையும் பகிடிப் பொருளாக்குவதா?” என்று கேட்டார் இன்னொருவர். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு மரியாதையோடு பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ‘பகிடி’ என்ற ஒரு சொல்லுக்குள் பல சங்கதிகளை அடைத்து வைத்திருக்கிறோம். தோழிகள் கூடிச் சிரிப்பதும் பகிடி. ஒருவருடைய நிறத்தையும் நடையையும் சொல்லிச் சிரிப்பதும் பகிடி. பல்கலைக்கழகத்தில் புதியவர்களை மூத்தவர்கள் வருத்துவதற்குப் பெயரும் பகிடிவதை. அதைத் தடுக்க இந்த நாட்டில் 1998இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மனிதர்களை இழிவாக்கும் இந்தச் சிரிப்பைத்தான் சூரா ஹுஜுராத் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே சொல்லித் தடுக்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

நான் பேச வந்தது பகடியைப் பற்றி. எல்லோரும் பார்த்து, நம்பி, கைதட்டிய ஒரு படைப்பை எடுத்து, அதன் வேஷத்தைக் கலைத்துக் காட்டுவது பகடி. அதைச் செய்ய வேண்டுமானால் அந்தப் படைப்பைக் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் நேசித்தும் இருக்க வேண்டும்.

ஆனந்த விகடனின் கதையையே பாருங்கள். 1926இல் தொடங்கிய அந்தச் சஞ்சிகையை 1928இல் எஸ். எஸ். வாசன் வாங்கி, நகைச்சுவைக்குப் பேர்போன இதழாக வளர்த்தார். அதே வாசன்தான் 1948இல் ‘சந்திரலேகா’ படத்தை எடுத்தார். ராட்சத முரசுகளின் மேல் நடனம், முரசுகளுக்குள் ஒளிந்திருக்கும் வீரர்கள், முடிவில் நீண்ட வாள்சண்டை என்று அது ஒரு பெரிய சாகசப் படம். 58 ஆண்டுகளுக்குப் பிறகு, 2006இல், விகடனில் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்த சிம்புதேவன் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யை எடுத்து, அத்தகைய ராஜா ராணிப் படங்களையே பகடி செய்தார். பிரிந்து வளரும் இரட்டையர், சூழ்ச்சி செய்யும் மாமன் எல்லாம் அதில் உண்டு. ஆனால் வாள் ஏந்த வேண்டிய மன்னர் வடிவேலு! கட்டுமஸ்தான உடம்பில் தன் தலையைப் பொருத்திப் படம் வரையச் சொல்கிறார். குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்கிறார். ‘உத்தம புத்திரன்’, ‘நாடோடி மன்னன்’ போன்ற படங்களை இரசித்தவர்களுக்கு அதில் இரட்டிப்புச் சிரிப்பு. அந்தப் படங்களை வெறுத்த ஒருவரால் இப்படி ஒன்றை எடுத்திருக்க முடியுமா?

அமெரிக்காவின் ‘மேட்’ நகைச்சுவை இதழ், ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1980இல் வந்த படத்தைப் பகடி செய்தபோது, படநிறுவனத்தின் சட்டப் பிரிவு கோபமாகக் கடிதம் எழுதியது. ஆனால் அதற்கு முன்பே, படத்தை உருவாக்கிய ஜோர்ஜ் லூகஸ் அந்தப் பகடியைப் பாராட்டி, மூல ஓவியங்களை விலைக்குக் கேட்டு எழுதியிருந்தார். மேட் இதழ் அந்தக் கடிதத்தின் பிரதியை அனுப்பி வைத்தது. பிரச்சினை அதோடு முடிந்தது.

நம் மண்ணுக்கும் இது புதிதில்லை. கரவெட்டியில் பிறந்த சிவஞானசுந்தரம் நடத்திய ‘சிரித்திரன்’ யாழ்ப்பாணத்தையே சிரிக்க வைத்த சஞ்சிகை. அதன் பழைய இதழ்களை ‘நூலகம்’ இணைய நூலகத்தில் இன்றும் வாசிக்கலாம். சவாரித் தம்பரையும் மிஸிஸ் டாமோடிரனையும் பார்த்துச் சிரித்தவர்கள், அவர்களில் தங்களையும் கண்டுதானே சிரித்தார்கள்?

இனித் தாடிக்கு வருகிறேன்.

ஒரு பெருநாள் இரவு வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியில் ஒரு சாகசப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். குண்டு வைப்பவர் தாடியோடு வந்தார். ஏழு வயதுத் தம்பி கேட்டான்: “வாப்பா, அவரும் எங்கட ஆளா?” வாப்பா ஒன்றும் சொல்லாமல் வேறு அலைவரிசைக்கு மாற்றினார். அந்த மௌனம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2012இல் ‘துப்பாக்கி’க்குத் தமிழகத்து முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது சில காட்சிகள் நீக்கப்பட்டன. 2013இல் ‘விஸ்வரூபம்’ அங்கே தடைசெய்யப்பட்டு, பிறகு சில மாற்றங்களுடன் பெப்ரவரியில் வெளியானது. எதிர்த்தவர்களின் வலி உண்மையானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2022இல் ‘பீஸ்ட்’ படத்திலும் அதே வில்லன்தான் வந்தார். காட்சிகளை வெட்டலாம்; பழக்கத்தை வெட்ட முடியவில்லை. ஒரு பழக்கத்தைப் பார்த்து எல்லோரும் ஒருமுறை நன்றாகச் சிரித்துவிட்டால், அடுத்த முறை அதை முகத்தை இறுக்கிக்கொண்டு பார்ப்பது கஷ்டம்.

எங்கள் நாடகம் செய்ய நினைத்தது அதைத்தான். படத்தில் தாடிக்காரர் கையில் துப்பாக்கி மட்டுமே இருக்கிறது. நாங்கள் அவருக்கு ஒரு கடையையும் தொழுகை நேரத்தையும் கொஞ்சம் பொறுமையையும் கொடுத்தோம். சிரிப்பு அவரைப் பார்த்து எழவில்லை; அவருக்கு வேறு வேலையே கொடுக்கத் தெரியாத படத்தைப் பார்த்து எழுந்தது.

ஆனாலும் பெற்றோரின் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. பார்ப்பவர் தாடியை மட்டும் கண்டு சிரித்துவிட்டால் எங்கள் எழுத்து தோற்றுவிட்டது. ஆகவே ஒரு முடிவு எடுத்தோம். யாருக்கு வலிக்கக்கூடுமோ, அவருக்கு முதலில் வாசித்துக் காட்ட வேண்டும்.

நான் வாப்பாவுக்கு வாசித்தேன். அவருக்குத் தாடியும் உண்டு, கடையும் உண்டு. 1990 ஒக்டோபரில் சிறுவனாக இந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து திறந்த கடை. வில்லனின் வசனம் வந்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“ஒரு பிழை இருக்கு மகள். அஸருக்கு முதல் இல்ல, அஸர் தொழுதிட்டுத்தான் பின்னேரம் கடை திறக்கிறது.”

அந்த வரியைத் திருத்திவிட்டோம். அடுத்த தவணை கலைவிழாவுக்குப் பத்து நிமிடம் தந்தால் போதும்.