ஊழ்வினை வெட்டியதா, வாள் வெட்டியதா?

விருதுநகர், சாத்தூர் பக்கத்தில் கோவலன் கதை தெரியாதவர் யார்? சங்கரதாஸ் சுவாமிகள் அதை நாடகமாக்கினார். 1942-லும் 1964-லும் சினிமாவாக வந்தது. பார்த்துவிட்டு எழுந்தவர்கள் திண்ணையில் சொல்வது ஒன்றே: "எல்லாம் ஊழ்வினை!" இந்தப் பேச்சைத்தான் நாம் மறுக்கிறோம்.

சிலப்பதிகாரத்தில் சகுனத்துக்குப் பஞ்சமில்லை. இந்திர விழாவில் கண்ணகிக்கு இடக்கண் துடிக்கிறது, மாதவிக்கு வலக்கண். கண்ணகி கெட்ட கனாக் காண்கிறாள். சிலம்பு விற்கப் போகிற வழியில் கோவலனைக் காளை எதிர்த்து வருகிறது. அது தீய நிமித்தம் என்பது அந்த வணிகனுக்குத் தெரியாதாம், அவன் குலத்தில் அந்த வழக்கமில்லையாம். குலத்துக்குக் குலம் மாறுகிற நிமித்தம்!

சரி, காளையா அவனை மாதவி வீட்டுக்கு அனுப்பியது? 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையை வாங்கிக்கொண்டு அவனேதான் போனான். அங்கேயும் நிம்மதியில்லை. கடற்கரையில் மாதவி பாடியதைக் கேட்டு, அவளுக்கு வேறொருவன்மேல் மனம் என்று சந்தேகித்து எழுந்து போகிறான். மனைவிக்குத் துரோகம் செய்தவனுக்குத்தான் சந்தேகம் முந்திக்கொண்டு வருகிறது. இந்த வியாதி புகாரோடு போகவில்லை, தோழர்களே. ஆலையில் ஷிப்டு முடிந்து தாமதமாகத் திரும்பும் பெண்ணை வாசலிலேயே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்கிற வீரர்கள் நம் தெருவிலும் உண்டு. தன் கூலியை எங்கே தொலைத்தான் என்று மட்டும் அந்த வீரனைக் கேட்டுவிடக் கூடாது!

மதுரையில் நடந்தது என்ன? அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். விசாரணையின்றி ஆளனுப்பியவன் அரசன். வெட்டியவன் குடித்திருந்த ஒரு காவலன். அத்தனையும் முடிந்தபிறகு மதுராபதித் தெய்வம் வந்து, முற்பிறப்பில் கோவலன் செய்த கொலையின் பலன் இது என்கிறது. களவும் அவசரமும் எங்கே போயின?

கண்ணகியைப் பாருங்கள். காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொன்னபோது, அது பெருமையில்லை என்று மறுத்தவள் அவள். அரசவையிலும் நிமித்தம் பேசவில்லை. சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது முத்தல்ல, மாணிக்கம் என்று காட்டினாள். சாட்சியம் கேட்டவனுக்குச் சாட்சியம்!

நம் வெடி ஆலைகளிலும் இதே கதைதான். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். இரண்டிலுமாக ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்கள். உடனே 'நேரம் சரியில்லை' என்கிறார்கள். முதலிப்பட்டியில் வெடித்தது புதன்கிழமை நண்பகல், ராகு காலமாம். அச்சங்குளத்தில் வெடித்தது வெள்ளிக்கிழமை பிற்பகல். வெள்ளியின் ராகு காலம் 12 மணிக்கே முடிந்துவிட்டதே! எந்தக் கிரகம் வந்து மருந்தைக் குவித்தது? முதலிப்பட்டி ஆலையின் உரிமம் விதிமீறலுக்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அச்சங்குளத்தில் ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருந்தார்கள். இவற்றை எந்தப் பஞ்சாங்கமும் சொல்லாது.

அந்த ராகு காலத்தையும் எமகண்டத்தையும் தினசரித் தாளில் அச்சடித்து நாடு முழுதும் அனுப்புவது நம் சிவகாசிதான். அடிக்கிற அச்சகத் தோழரைக் கேளுங்கள். அடுத்த ஆண்டு நேரங்களை இந்த ஆண்டே அடித்துக் கட்டி வைத்திருப்பார். அடுத்த வெடிவிபத்து எந்தத் தாளில் இருக்கிறது என்று புரட்டிக் காட்டச் சொல்லுங்கள்.