மண்ணிடம் தோற்ற கைகள்

குயவர் வீட்டிற்குச் சென்ற இறைவாக்கினர் எரேமியாவைப் பற்றி மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் நம்முள் எத்தனை பேர் ஒரு குயவர் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருக்கிறோம்? தெருவில் நின்று பானைக்குப் பேரம் பேசியதோடு நம் உறவு முடிந்துவிடுகிறது.

சென்ற பொங்கலுக்குச் சில நாள் முன்பு, ஆரம்பாக்கத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குப் பானை வாங்கச் சென்றிருந்தோம். பெரியவர் நூறு ரூபாய் என்றார். நாம் எழுபதுக்குக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "ஐயா, நீங்களே ஒன்று செய்து பாருங்கள். விலையைப் பிறகு பேசுவோம்" என்று சக்கரத்தைக் காட்டினார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அமர்ந்தோம். ஏரி மண்ணில் கல் பொறுக்கி, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதமாக்கிய மண் அது. பெரியவர் கழியால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். மண்ணை நடுவில் நிறுத்துவதே பெரும்பாடாக இருந்தது. விரலைச் சற்று அழுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்தது; தளர்த்தினால் மறுபக்கம் சரிந்தது. மூன்று முறை முயன்று, இறுதியில் கோணலான ஓர் அகல் மட்டுமே தேறியது.

அதே மண்ணில் பெரியவர் சில நிமிடங்களில் பானையின் கழுத்தையும் விளிம்பையும் எழுப்பி, நூலால் அறுத்து எடுத்தார். அதற்கு அடிப்பாகமே இல்லை! நிழலில் சற்று உலர்ந்தபின், உள்ளே ஒரு கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் மெல்லத் தட்டித் தட்டியே அடியை மூடுகிறார்கள். பிறகு உலர்த்த வேண்டும். சூளையில் சுட வேண்டும். இடையில் மழை வந்தால் பல நாள் உழைப்பு மண்ணோடு மண்ணாகும். நாம் குறைக்கச் சொன்ன முப்பது ரூபாய் இவற்றுள் எதற்கு உரியது?

பெரியவரின் மகன் எல்லை தாண்டி, தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் ஒரு ஜப்பானிய ஆலையில் பணிபுரிகிறார். அதே ஜப்பானில் பிசென் என்னும் ஊர் உண்டு. நம் பானைகளைப் போலவே மெருகுப் பூச்சு இல்லாத மண் கலங்களுக்குப் பெயர் பெற்றது. பைன் விறகிட்டு, பத்து நாளுக்கும் மேலாக அங்கே சூளை எரிப்பார்கள். அவ்வூர்க் குயவர் கனெஷிகே தோயோவை 1956-இல் அந்நாட்டு அரசு, வாழும் தேசியச் செல்வமென மக்கள் அழைக்கும் வரிசையில் சேர்த்தது. அங்கு வரும் பயணிகள் காசு கொடுத்து மண்ணில் கை வைத்துப் பார்க்கிறார்கள்.

பிசெனில் தொழில் கற்ற டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண்மணி, ரே மீக்கருடன் சேர்ந்து 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக்கூடத்தைத் தொடங்கினார். இந்தியக் கலைஞர் பலர் அங்கே பயின்றனர். புதுச்சேரியைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. எனவே மதிப்பு நம் மண்ணிலும் முளைக்காமல் இல்லை. அது சிற்றூர் முற்றம்வரை வந்து சேரவில்லை, அவ்வளவே.

"மகனுக்குத் தொழில் தெரியும் ஐயா. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் அல்லவா வருகிறது?" என்றார் பெரியவர். அந்த மகனை யார் குறை சொல்ல முடியும்? ஏரி மண் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என 2024-இல் தமிழக அரசு வழி செய்தது. மண் கிடைக்கலாம், பானையை வாங்கும் கைகளும் வேண்டுமே!

நூறு ரூபாயைக் கொடுத்தோம். கோணல் அகலுக்கும் விலை கேட்டோம், வாங்க மறுத்துவிட்டார். அது இப்போது நம் மேசைமேல் இருக்கிறது.

அன்பு வாசகர்களே, வரும் பொங்கலுக்குப் பானை வாங்கப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பெரியவர்கள் இசைந்தால், பத்து நிமிடம் சக்கரத்தின் முன் அமரச் செய்யுங்கள். அதற்கும் உரிய கூலி கொடுங்கள். மண்ணிடம் ஒருமுறை தோற்ற கை, பிறகு பேரம் பேச நீளாது.