காலி இடத்துக்கு ஏன் கலர்?

செல்லுக்குள் கால்சியம் ஏறுதா, இறங்குதா? இதைக் காட்டும் ஒளிரும் சாயம்தான் ஃபுரா-2. 1985-ல் ரோஜர் சியென் குழு வெளியிட்டது. 340, 380 நானோமீட்டர் ஒளியில் தனித்தனியாகப் படமெடுத்து, ஒரு படத்தை இன்னொன்றால் பிக்சல் பிக்சலாக வகுப்பார்கள்.

செல்லின் ஒளி அளவு 300, 200. பின்னணி இரண்டிலும் 100 என்று வைப்போம். அப்படியே வகுத்தால் 1.5. பின்னணியைக் கழித்துவிட்டு வகுத்தால் 2. ஆக, கழித்தே ஆகணும். ஆனால் கழித்தபின் காலி இடத்தில் மிஞ்சுவது வெறும் இரைச்சல். அங்கே 6, 2 என்று மிஞ்சினால் விகிதம் 3! செல்லைவிட காலி இடத்தில் கால்சியம் அதிகமாம். அங்கே பூஜ்ஜியம் போடுவதும் தப்பு. சராசரியைக் கீழே இழுத்துவிடும். 'மதிப்பு இல்லை' என்று ஒதுக்குவதே நேர்மை. எந்த அளவுக்குக் கீழே ஒதுக்கினார்கள் என்பதை ஆய்வுக் கட்டுரையும் சொல்லணும். பல வண்ணப் படங்களை நம்பலாமா என்பது அந்த ஒரு எண்ணில்தான் இருக்கு.