சித்திரவதையில் ஜெயித்து, சும்மா போகும்போது திணறிய வண்டி

காமர்ஸ் படிக்கிறவனுக்கு டர்போ என்ஜினில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பைக்கில் செயின் கழன்றாலே மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிற ஆள் நான். ஆனால் அக்கவுண்டன்சி வகுப்பில் வாரண்டி ஒதுக்கீடு பற்றிப் படித்தபோது, புத்தகத்தில் இருக்கும் "எக்ஸ் லிமிடெட்" கணக்கு போரடித்தது. நிஜமாக நடந்த ஒன்று வேண்டும் என்று தேடினேன். ஒரு அமெரிக்க பிக்கப் டிரக் மாட்டியது. இரண்டு நாள் அதிலேயே போய்விட்டது. இன்டர்னல் டெஸ்டுக்குப் படிக்க வேண்டியது அப்படியே இருக்கிறது :-)

முதலில் ஒன்று. பிக்கப் என்றதும் நமக்குக் காய்கறி மூட்டை ஏற்றும் வண்டிதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஆபீஸ் போவது, பிள்ளைகளை ஸ்கூலில் விடுவது, படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவது எல்லாமே அதில்தான். அங்கே 1977 முதல் அதிகம் விற்கும் டிரக் ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை. அதில் எஃப்-150 என்ற வண்டிக்கு 2011 மாடலில் ஒரு புது என்ஜின் வந்தது. 3.5 லிட்டர், 6 சிலிண்டர், இரண்டு டர்போ, 365 குதிரைத்திறன். பெயர் ஈகோபூஸ்ட். 8 சிலிண்டர் இல்லாமல் டிரக்கா என்று கேட்கிற ஊர் அது. அவர்களை நம்ப வைக்க நிறுவனம் ஒரு காரியம் செய்தது.

ஒரே ஒரு என்ஜினை எடுத்துச் சித்திரவதை செய்தார்கள். முதலில் சோதனை மேடையில் 1,50,000 மைல் ஓடியதற்குச் சமமான ஓட்டம். பிறகு அதை ஒரு வண்டியில் மாட்டி, ஓரிகான் காட்டில் மரம் இழுக்க விட்டார்கள். ஃபுளோரிடாவில் ஒரு ரேஸ் டிராக்கில் கனமான டிரெய்லரை 24 மணி நேரம் இழுத்தது. 2010 நவம்பரில் மெக்சிகோவின் பாஹா 1000 பாலைவனப் பந்தயத்தில் ஓடியது. கடைசியில் 2011 ஜனவரியில், டெட்ராய்ட் கண்காட்சியில் கூட்டத்துக்கு முன்னால் அந்த என்ஜினைப் பிரித்துக் காட்டினார்கள். விளம்பரம் என்றாலும் ஏமாற்று வேலை இல்லை. என்ஜின் நிஜமாகவே தாங்கியது.

பிறகுதான் புகார்கள் வந்தன. பாலைவனத்திலிருந்தோ காட்டிலிருந்தோ இல்லை. ஈரப்பதம் அதிகமான நாளில், மழையில், ஹைவேயில் ஒரே வேகத்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தன. ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி குலுங்குகிறது, இழுவை போய்விடுகிறது, டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு மினுக்குகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

ஏன் இப்படி? நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்தருள்க.

சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். நாலு தடவை அழுத்தினால் பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். டர்போ செய்வதும் அதே வேலைதான். சூடான காற்று என்ஜினுக்கு ஆகாது என்பதால் நடுவில் ஒரு ரேடியேட்டர் மாதிரி சாமானை வைத்து ஆற வைக்கிறார்கள். அதுதான் இன்டர்கூலர்.

இப்போது ஈரம். வெளியே 30 டிகிரி வெப்பம், 80 சதவீதம் ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். டர்போ அந்தக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குகிறது. அமுங்கிய காற்றில் இருக்கும் ஈரம் ஏறக்குறைய 33 டிகிரியிலேயே நீராக மாறத் தொடங்கிவிடும். இன்டர்கூலர் நல்ல திறமைசாலியாக இருந்து காற்றை 32 டிகிரிக்குக் கொண்டுவந்தால், குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளருக்கு வெளியே வேர்க்கிற மாதிரி இதற்கு உள்ளே வேர்க்கும். மழைத்தண்ணீர் அதன்மேல் தெறித்தால் இன்னும் வேகமாக வேர்க்கும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பாரம் இழுக்கும்போதும் வேகமாக முடுக்கும்போதும் உள்ளே காற்று பலமாகப் பாயும், சூடும் அதிகம். அதனால் உண்டாகிற ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக என்ஜினுக்குள் போய் ஆவியாகிவிடும், யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் மெதுவாக, ஒரே சீராகப் போனால்தான் காற்றோட்டம் குறைந்து தண்ணீர் இன்டர்கூலரின் அடியில் தேங்கும். அந்த நேரம் பார்த்து ஆக்சிலரேட்டரை மிதித்தால், தேங்கியது மொத்தமும் ஒரே வாயாக உள்ளே போகிறது. ஈரமான சிலிண்டரில் பொறி சரியாகப் பற்றாது. அதுதான் மிஸ்ஃபயர். கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து, புகைக்குழாயில் இருக்கும் கேடலிஸ்ட் கெடாமல் இருக்க எரிபொருளையும் சக்தியையும் குறைத்துவிடும்.

ஆக, பாலைவனமும் பாரமும் இந்தக் கோளாறைக் காட்டவே காட்டாது. கஷ்டப்படுத்தினால் வராத வியாதி இது. சும்மா இருந்தால்தான் வரும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை மலை ஏறும்போது சறுக்கவில்லை, வீட்டு முற்றத்தில் சறுக்கியது.

இதுவரை என்ஜினியரிங். இனிமேல்தான் என் பாடம்.

வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அங்கே போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் காலி. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார், நன்றாக ஓடும். "கோளாறு தென்படவில்லை" என்று எழுதிக் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு நிஜமாகவே தென்படவில்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் இதே கதைதான். ராத்திரி முழுக்கக் கடகடவென்று சத்தம் போடும். ரிப்பேர் செய்கிறவர் வந்து நின்றால் சாமி கும்பிடுகிற பிள்ளை மாதிரி அமைதியாக இருக்கும். மூன்றாவது தடவை அவர் வந்தபோது அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். 'இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை' என்கிற பார்வை. அம்மா அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. வாரண்டி முடிந்த பிறகு கம்ப்ரஸர் போனது, காசு கொடுத்துத்தான் மாற்றினோம்.

வாரண்டிக்கு ஒதுக்கீடு எப்படி வைக்கிறார்கள்? கடந்த காலத்தில் எத்தனை கிளெய்ம் வந்தது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவானது என்று பார்த்து, இந்த வருட விற்பனைக்கு ஒரு தொகையை இப்போதே செலவாகக் காட்ட வேண்டும். நம் ஊர் கணக்குத் தரநிலை 29-ம் இதைத்தான் சொல்கிறது. ஆனால் "கோளாறு தென்படவில்லை" என்று திருப்பி அனுப்பிய வண்டிக்கு எந்தப் பாகமும் மாற்றவில்லை, செலவும் பெரிதாக இல்லை. அதனால் அந்தக் கோளாறு கணக்கில் சரியாக ஏறாது. செலவு இல்லாமல் போய்விட்டதா? இல்லை. வாடிக்கையாளரின் லீவு நாள், பெட்ரோல், பயம் என்று வேறொருவர் புத்தகத்தில் ஏறிவிட்டது. அந்தப் புத்தகத்தை யாரும் ஆடிட் செய்வதில்லை.

நிறுவனம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2012-லும் 2013-லும் டீலர்களுக்கு சர்வீஸ் புல்லட்டின் அனுப்பியது. மென்பொருள் மாற்றம், மாற்றியமைத்த இன்டர்கூலர், அதன்மேல் படும் காற்றைக் கொஞ்சம் மறைக்க ஒரு தடுப்பு என்று தீர்வுகள் வந்தன. கவனியுங்கள், மருந்து என்பது குளிர்ச்சியைக் கொஞ்சம் குறைப்பதுதான்! ஆனால் புல்லட்டின் வேறு, ரீகால் வேறு. பாதுகாப்பு ரீகால் என்றால் உரிமையாளருக்குக் கடிதம் வரும், இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். புல்லட்டின் என்பது டீலருக்கான குறிப்பு. புகார் சொல்லி, விடாமல் நின்றவருக்குத்தான் அது பயன்படும். அம்மா மாதிரி கூச்சப்பட்டு வீட்டுக்குப் போனவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

2013-ல் ஓஹையோவில் சில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அதே வருடம் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 2011 முதல் 2013 வரையிலான சுமார் 3,60,000 வண்டிகள் பற்றி விசாரணை தொடங்கியது. கடைசியில் ரீகால் இல்லாமலே அது முடிந்தது. எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றுவிடுவதில்லை, ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்கின்றன, சக்தி மட்டும் சிறிது நேரம் குறைகிறது. உண்மைதான். ஆனால் எப்போது குறைகிறது? ஓவர்டேக் செய்ய எதிர்ப்பக்கம் ஏறியபோது, ஹைவேயில் வேகமாகக் கலக்க வேண்டியபோது. சக்தி தேவைப்படும் அந்தப் பத்து விநாடியில்தான். அந்த நேரத்தில் எதிரே லாரி வருகிறவருக்கு "பிரேக் வேலை செய்கிறதே" என்பது ஆறுதல் ஆகாது.

சில உரிமையாளர்கள் இன்டர்கூலரின் அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போட்டுத் தண்ணீரை வடியவிட்டார்கள். படித்ததும் கைதட்டத் தோன்றியது. யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. பெரிய விலை கொடுத்து வாங்கிய வண்டியில், தன் வாரண்டியைப் பணயம் வைத்து, தானே டிரில் எடுத்துத் துளை போடும் நிலைக்கு ஒருவர் ஏன் வர வேண்டும்?

டர்போ வண்டி வைத்திருக்கும் அண்ணன்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா மிஸ்ஃபயருக்கும் தண்ணீர் காரணம் இல்லை. வறண்ட நாளிலும், எப்போது மிதித்தாலும் குலுங்கினால் முதலில் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். ஈரமான நாளில், நீண்ட நேரம் சீராகப் போன பிறகு, முதல் மிதியில் மட்டும் குலுங்கினால்தான் இன்டர்கூலர் மேல் சந்தேகப்பட வேண்டும். எந்த நாள், என்ன வானிலை, எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் மெக்கானிக்கை அதே மாதிரி ஒரு நாளில் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுங்கள்.

என் கருத்து இவ்வளவுதான். "கோளாறு தென்படவில்லை" என்பதைக் கோளாறு இல்லை என்பதற்குச் சமமாக எந்த நிறுவனமும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படித் திரும்பிப் போன ஒவ்வொரு புகாரையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும். அதே கோளாறு பின்னால் நிரூபணமானால், வாரண்டி காலம் முடிந்திருந்தாலும் முதல் புகாரின் தேதியை வைத்தே இலவசமாகச் சரிசெய்து கொடுக்க வேண்டும். அந்தப் புகார்களையும் எண்ணித்தான் ஒதுக்கீடு வைக்க வேண்டும். செலவு கொஞ்சம் கூடும், லாபம் கொஞ்சம் குறையும். ஆனால் அதுதான் நிஜமான லாபம்.

சரி, ஃப்ரிட்ஜ் மறுபடியும் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை மொபைலில் ரெக்கார்டு பண்ணி வைத்திருக்கிறேன். ரிப்பேர்காரர் வரட்டும், அம்மாவைப் பேசச் சொல்லப் போவதில்லை, போட்டுக் காட்டப் போகிறேன்.